ஜப்பானின் ஓமினே மலை: 'பெண்கள் இதற்கு மேல் வரக் கூடாது' என்று சொல்வது யார்?

ஜப்பானின் நாரா மாகாணத்தில், தோரோகவா என்ற மலைக் கிராமத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டர் நடந்தால் ஒரு பாலம் வரும். பாலத்தைக் கடந்ததும், வானுயர்ந்த ஊசியிலை மரங்களுக்கு நடுவே பெரிய மர வாசல் ஒன்று நிற்கிறது. 'இங்கிருந்து பெண்களுக்கான எல்லை' என்று பொருள் தரும் எழுத்துகள் பொறித்த கல்தூண் அங்கே இருக்கிறது. வெளிநாட்டினருக்காக ஆங்கிலத்திலும் ஒரு பலகை உண்டு. சமய மரபுப்படி பெண்கள் யாரும் இந்த வாசலைத் தாண்டி ஏறக் கூடாது என்கிறது அது.

வாசலில் காவலாளி கிடையாது. டிக்கெட் கவுன்ட்டரோ பூட்டோ கிடையாது. பெண்களைத் தடுக்கும் சட்டமும் கிடையாது. கோயில்களிலும் புனித மலைகளிலும் பெண்களுக்கு இருந்த தடையை ஜப்பான் அரசு 1872-ம் ஆண்டே ரத்து செய்துவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பலகை அங்கேயேதான் இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், மலையேற வரும் பெண்களில் பெரும்பாலானோர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

சட்டம் இல்லாத ஒரு தடை எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது?

ஓமினே எங்கே இருக்கிறது?

ஓமினே என்பது ஒரு தனிச் சிகரம் அல்ல. ஒசாகாவுக்குத் தெற்கே கீ தீபகற்பத்தின் நடுவில் வடக்கு தெற்காக நீளும் மலைத்தொடர் அது. அதன் மிக உயரமான சிகரமான ஹக்கியோகதாகே 1,915 மீட்டர். ஆனால், பேச்சுவழக்கில் 'ஓமினே மலை' என்று சொன்னால் அது பெரும்பாலும் 1,719 மீட்டர் உயரமுள்ள சன்ஜோகதாகே சிகரத்தைத்தான் குறிக்கும். அதன் உச்சியில் ஓமினேசன்-ஜி என்ற கோயில் இருக்கிறது. பெண்களுக்குத் தடை உள்ளது இந்தச் சிகரத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் மட்டும்தான். மலைத்தொடரின் மற்ற பகுதிகளில் யாரும் நடக்கலாம்.

மலைத்தொடரின் வடக்கு முனையில் செர்ரிப் பூக்களுக்குப் பெயர்போன யோஷினோ. தெற்கே குமானோ. இரண்டையும் இணைப்பது 'ஓமினே ஒகுககே' என்ற பழைய யாத்திரைப் பாதை. வழிநெடுக 75 வழிபாட்டு இடங்கள் உள்ளன. 2004-ம் ஆண்டு யுனெஸ்கோ 'கீ மலைத்தொடரின் புனிதத் தலங்களும் யாத்திரைப் பாதைகளும்' என்ற பெயரில் யோஷினோ-ஓமினே, குமானோ, கோயாசான் மூன்றையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தடை உள்ள பகுதியும் அந்தப் பட்டியலுக்குள்தான் வருகிறது. சர்ச்சை உலகத்தின் காதுக்குப் போனது அப்போதுதான்.

மலையையே குருவாக நினைக்கும் மார்க்கம்

இந்த மலையில் நடப்பதைப் புரிந்துகொள்ள 'ஷுகெண்டோ' பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். ஜப்பானின் பழைய மலை வழிபாடு, பௌத்தத்தின் மந்திர-தாந்திரீகப் பிரிவு, தாவோயிசம், ஷிண்டோ எல்லாம் கலந்து உருவான தவ மார்க்கம் இது. இதில் வேத நூலைவிட மலைக்குத்தான் முதலிடம். மலைக்குள் போய் உடம்பை வருத்தி, அந்த அனுபவத்தில் சக்தியைப் பெற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதே அடிப்படை. இதைப் பின்பற்றுபவர்களை 'யாமாபுஷி' என்பார்கள். மலையில் படுத்து உறங்குபவர் என்று அர்த்தம்.

யாமாபுஷியைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். வெள்ளை உடை, நெற்றியில் கட்டிய சின்னக் கறுப்புத் தொப்பி, கையில் தடி, இடுப்புக்குப் பின்னால் உட்காருவதற்கான தோல் விரிப்பு, கூடவே ஒரு சங்கு. மலைப் பாதையில் ஒரு குழுவுக்கு இன்னொரு குழு குரல் கொடுப்பது சங்கால்தான். இவர்கள் வளர்க்கும் வேள்வித் தீக்கு 'கோமா' என்று பெயர். நம் ஊர் ஹோமம் என்ற அதே சமஸ்கிருதச் சொல்தான் சீனா வழியாக பௌத்தத்தோடு போய் இப்படி மாறியிருக்கிறது.

இந்த மார்க்கத்தைத் தொடங்கியவராகக் கொண்டாடப்படுபவர் என்-நோ-கியோஜா. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவரைப் பற்றிய பழைய அரசுக் குறிப்பு எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி முடிக்கப்பட்ட 'ஷோகு நிஹோங்கி' வரலாற்று நூலில் இருக்கிறது. மாயவித்தையால் மக்களை ஏமாற்றுகிறார் என்று ஒருவர் புகார் கொடுக்க, 699-ம் ஆண்டு அவர் இசு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார் என்கிறது அந்த நூல். பூதங்களைத் தண்ணீர் சுமக்கவும் விறகு பொறுக்கவும் வைத்தார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டதையும் அது பதிவு செய்திருக்கிறது. மற்றதெல்லாம் பின்னால் வளர்ந்த கதைகள்.

அந்தக் கதைகளில் ஒன்று சுவாரசியமானது. கியோஜாவின் சிலைகளில் இரண்டு பக்கமும் இரண்டு பூதங்கள் இருக்கும். ஒன்று ஜென்கி, இன்னொன்று கோகி. இருவரும் கணவன் மனைவி. ஆக, இந்த மார்க்கத்தின் ஆதி குருவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் பூதம் நிற்கிறது!

தலைகீழாகத் தொங்கி ஒரு வாக்குறுதி

சன்ஜோகதாகேவுக்கு ஏறுவது வெறும் டிரெக்கிங் இல்லை. பாலத்திலிருந்து உச்சிக்குச் சுமார் மூன்று மணி நேர ஏற்றம். வழியில் டீக்கடைகள் வரும். சில இடங்களில் பாதையே கடைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். யோஷினோவிலிருந்து வரும் பாதையும் தோரோகவா பாதையும் 'தோரோட்சுஜி' என்ற டீக்கடை அருகே சேர்கின்றன. ஏறும்போது குழுவாகச் சொல்லும் கோஷம் 'ரொக்கோன் ஷோஜோ'. கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் ஆகிய ஆறும் தூய்மையாகட்டும் என்பது அதன் பொருள். மூச்சு வாங்கும் ஏற்றத்தில் ஒரு குழு இதைச் சொல்ல, எதிரே இறங்கி வரும் குழு பதில் சொல்லும்.

உச்சிக்குச் சற்று முன்னால் 'முன் தவக்களம்' வருகிறது. சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய 'மணி தொங்கும் பாறை' அங்கேதான். அதைவிடப் பிரபலம் 'மேற்கு எட்டிப்பார்வை' எனப்படும் செங்குத்துப் பாறை. புதிதாக வருபவரின் தோள்களில் கயிறு கட்டி, இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, பாறை விளிம்பிலிருந்து தலைகுப்புற வெளியே தள்ளுவார்கள். கீழே வெறும் பள்ளத்தாக்கு. அந்த நிலையில் கேள்விகள் வரும். பெற்றோரை மதிப்பாயா? ஒழுங்காக வேலை செய்வாயா? சிறுவர்களாக இருந்தால், நன்றாகப் படிப்பாயா? பதில் சத்தமாக இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுவார்கள். 'சரி, சரி' என்று கத்தாதவர்கள் குறைவு.

'பின் தவக்களம்' இன்னும் ஆபத்தானது. வழிகாட்டி இல்லாமல் அங்கே போக விடமாட்டார்கள். 'சமத்துவப் பாறை' என்று ஒன்று இருக்கிறது. அதலபாதாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் கட்டிப்பிடித்தபடி சுற்றி வர வேண்டும். இன்னோர் இடத்தில் குறுகலான பாறை இடுக்கில் ஊர்ந்து வெளியே வர வேண்டும். அதன் பெயர் 'கருப்பை வழி'. பழைய ஆள் செத்து, புது ஆள் பிறந்து வருவதாக ஐதீகம். பெண்களை அனுமதிக்காத மலையில் ஆண்கள் ஒரு கருப்பைக்குள் புகுந்து மறுபடியும் பிறக்கிறார்கள். பெண் விலக்கு பற்றி எழுதும் ஆய்வாளர்களுக்கு இந்த முரண் தீராத தீனி.

கோயில் ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. மே 3-ம் தேதி கதவு திறக்கும் சடங்கு. செப்டம்பர் 23-ம் தேதி அடைக்கும் சடங்கு. நடுவில் உள்ள ஐந்து மாதங்களுக்கும் குறைவான காலம்தான் யாத்திரை சீசன். மற்ற நாட்களில் பனி.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஓமினேவின் 'ஆயிரம் நாள் நடை'யைப் பார்த்தால் அதன் கடுமை புரியும். யோஷினோவின் கிம்புசென்-ஜி கோயிலிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, மலையுச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். போக வர 48 கிலோமீட்டர். கோயில் திறந்திருக்கும் மாதங்களில் மட்டுமே நடக்க முடியும் என்பதால் ஆயிரம் நாளை முடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆகும். புயல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் லீவுக்குக் காரணமாகாது. பாதியில் நிறுத்தினால் உயிரை விட வேண்டும் என்பது மரபு. ரியோஜுன் ஷியோநுமா என்ற துறவி 1999-ல் இதை முடித்தார். 1,300 ஆண்டு வரலாற்றில் அதை முடித்த இரண்டாவது ஆள் அவர்தான் என்கிறார்கள். மறு ஆண்டு ஒன்பது நாட்கள் சாப்பாடு, தண்ணீர், தூக்கம் இல்லாமல், படுக்கவும் செய்யாமல் இன்னொரு தவத்தையும் முடித்தார்.

ஏன் பெண்களுக்கு மட்டும் தடை?

இதற்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றல்ல, பல. கேட்கும் ஆளைப் பொறுத்துக் காரணம் மாறும்.

தோரோகவாவில் சொல்லப்படும் கதை ஓர் அம்மாவைப் பற்றியது. மகன் மலைக்குள் தவம் செய்யப் போய்விட்டான் என்று கவலைப்பட்ட கியோஜாவின் தாய் அவரைத் தேடி வந்தாராம். ஓடையைக் கடக்கும்போது பெரிய பாம்பு ஒன்று வழிமறித்ததாம். அம்மா ஆபத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மகன் அவருக்கு அங்கேயே குடில் கட்டிக்கொடுத்து, 'பெண்கள் இதற்கு மேல் வர வேண்டாம்' என்று எல்லை வகுத்தாராம். அந்த இடத்தில் இன்றும் 'தாய் மண்டபம்' இருக்கிறது.

இரண்டாவது காரணம், துறவிகளின் பிரம்மச்சரியம். பெண்கள் இருந்தால் தவம் கலையும் என்ற பழைய வாதம். கலைபவரின் பிரச்சினைக்கு மற்றவரை வெளியே நிறுத்துவது என்ன நியாயம் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மூன்றாவதை இப்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மாதவிடாய், பிரசவம் ஆகியவற்றின் ரத்தம் தீட்டு என்ற நம்பிக்கை. ஜப்பானில் 'கெகாரே' என்று அதற்குப் பெயர். இடைக்காலத்தில் பௌத்தத்தின் வழியாக இது வேகமாகப் பரவியது. ஹெயான் காலமான 794-க்கும் 1185-க்கும் இடையில்தான் மலைக் கோயில்களில் பெண் விலக்கு படிப்படியாக உருவானது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் 'கியோஜா காலத்திலிருந்து 1,300 ஆண்டு மாறாத மரபு' என்ற வாதத்தின் அடித்தளமே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தடை நடைமுறையில் இருந்தது என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. அண்ணனின் படையிடமிருந்து தப்பி ஓடிய வீரன் யோஷித்சுனே, 1185-ம் ஆண்டு குளிர்காலத்தில் காதலி ஷிசுகாவோடு யோஷினோவுக்கு வந்தான். அவள் நாட்டியக்காரி. ஓமினே வழியாகத் தப்பிக்கத் திட்டம். ஆனால், பெண் அங்கே நுழைய முடியாது. அவன் மலைக்குள் போனான், அவள் பனியில் திரும்பி நடந்தாள், பிடிபட்டாள். 'அசுமா காகாமி' என்ற வரலாற்றுப் பதிவில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

1872: ஒரே ஆண்டில் இரண்டு உத்தரவுகள்

1868-ல் ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு, ஜப்பானை நவீன நாடாகக் காட்டத் துடித்தது. கோயில் நிலங்களிலும் மலைகளிலும் பெண்களுக்கு இருந்த தடை நீக்கப்படுவதாக 1872-ல் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு கியோட்டோவில் கண்காட்சி நடந்தது. அதற்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களின் மனைவிமார் பக்கத்திலுள்ள ஹியேய் மலையில் ஏற ஆசைப்பட்டால் என்ன சொல்வது என்ற சங்கடமும் உத்தரவுக்கு ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. அதாவது, ஜப்பானியப் பெண்களின் உரிமை அரசின் மனதில் முதலிடத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அதே ஆண்டு அரசு இன்னோர் உத்தரவும் போட்டது. ஷுகெண்டோ மார்க்கத்தையே ஒழித்துவிட்டது. ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க நினைத்த அரசுக்கு, இரண்டையும் கலந்து வைத்திருந்த யாமாபுஷிகள் கண்ணில் விழுந்த தூசி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மத சுதந்திரம் வந்தபோதுதான் ஷுகெண்டோ மறுபடியும் தனி அமைப்பாகத் தலைதூக்கியது.

இந்த இரண்டு உத்தரவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓமினேகாரர்களின் மனநிலை ஓரளவு விளங்கும். தங்கள் மார்க்கத்தையே அழிக்கப் பார்த்த அரசு போட்ட உத்தரவைத்தான் பெண்கள் விஷயத்தில் அவர்கள் ஏற்கவில்லை. தடையைக் காப்பது, ஒழிக்கப்பட்ட அடையாளத்தைக் காப்பதோடு சேர்ந்துகொண்டது.

மற்ற மலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஃபுஜி மலையில் 1832-லேயே தகாயாமா தாட்சு என்ற பெண் ஆண் வேடத்தில் உச்சிக்குப் போய்விட்டார். 1872-க்குப் பிறகு அங்கே வேடம் தேவைப்படவில்லை. கோயாசான் 1906 வரை முரண்டு பிடித்தது. மலைக்கு வெளியே பெண்கள் தங்கி வழிபடக் கட்டிய 'பெண்கள் மண்டபங்களில்' ஒன்று மட்டும் இன்று மிச்சம். வடக்கே தேவா சன்சான் மலைகளில் பெண்களுக்கென்றே தவப் பயிற்சி நடக்கிறது. அங்கே பெண் யாமாபுஷிகளைப் பார்ப்பது சகஜம். ஓமினே விதிவிலக்காக நின்றது.

மாறாத மரபா, நகரும் எல்லையா?

'மரபை மாற்ற முடியாது' என்பது தடை ஆதரவாளர்களின் முக்கிய வாதம். ஆனால், எல்லையே பல தடவை மாறியிருக்கிறது.

தோரோகவா ஊருக்குள் இருக்கும் ரியூசென்-ஜி கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மலையேறும் முன் யாத்ரீகர்கள் குளிர்ந்த நீரில் இறங்கித் தூய்மை செய்துகொள்வது இங்கேதான். 1960 வரை இந்தக் கோயில் வளாகத்திலும் பெண்களுக்கு இடமில்லை. ஊர்ப் பெண்களே சொந்த ஊர்க் கோயிலுக்குள் போக முடியாது. இன்று யார் வேண்டுமானாலும் போகலாம்.

1970-ல் மலையின் எல்லையும் சுருங்கியது. தோரோகவா பக்கம் தாய் மண்டபத்தருகே இருந்த எல்லை, இப்போது வாசல் இருக்கும் பாலத்துக்கு மேலே தள்ளப்பட்டது. யோஷினோ பக்கம் ஆவோனே சிகரத்தருகே இருந்தது, 'கோபன்செகி' கணவாய்க்குப் போனது. பழைய எல்லைக் கல் இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. பெண்கள் அதைத் தாராளமாகத் தாண்டி நடக்கிறார்கள். காட்டு வேலைக்கு ஆள், சாலை, சுற்றுலா என்று அந்தக் காலத்துத் தேவைகள்தான் கோட்டை நகர்த்தின.

அப்படியானால் இன்னொரு முறை நகர்த்த முடியாதா? அந்த முயற்சியும் நடந்தது.

ஷுகெண்டோவின் மூன்று தலைமைக் கோயில்களான யோஷினோவின் கிம்புசென்-ஜி, கியோட்டோவின் ஷோகோ-இன், தைகோ-ஜி ஆகியவை தடையை நீக்குவது பற்றி 1990-களின் இறுதியில் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தன. கியோஜாவின் 1,300-வது நினைவு ஆண்டான 2000-ல் மலையைத் திறக்கலாம் என்பது யோசனை. பக்தர் குழுக்களிலும் உள்ளூரிலும் கடும் எதிர்ப்பு. பேச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதே, 1999-ல் நாராவைச் சேர்ந்த பெண் ஆசிரியர்கள் அடங்கிய குழு ஒன்று வாசலைத் தாண்டி உச்சிக்குப் போய் வந்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய ரகளை. 'பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகில் குத்திவிட்டார்கள்' என்று எதிர்ப்பாளர்கள் கொதிக்க, திறப்புப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அந்தப் பெண்கள் அவசரப்பட்டார்களா, அல்லது நூறாண்டுக்கு மேல் பொறுத்தது போதாதா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

2004-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது, பெண்களை விலக்கும் இடத்தை மனிதகுலம் முழுமைக்குமான பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அங்கீகாரம் நிற்கவில்லை. 2005 நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கேள்விப் பட்டியலோடு வாசலுக்கு வந்து, கோயில் தரப்போடும் உள்ளூர்க்காரர்களோடும் பேசினார்கள். தீர்வு எட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மூன்று பெண்கள் வாசலைத் தாண்டி ஏறினார்கள். யாரும் கைதாகவில்லை. எந்தச் சட்டத்தில் கைது செய்ய முடியும்?

முடிவெடுப்பது யார்?

சிக்கலின் மையம் இதுதான். ஓமினேசன்-ஜி ஒரே தலைமை அர்ச்சகருக்குச் சொந்தமான கோயில் இல்லை. யோஷினோவின் நான்கு கோயில்களும் தோரோகவாவின் ரியூசென்-ஜியும் சேர்ந்து அதைப் பராமரிக்கின்றன. கூடவே ஒசாகா, சக்காய் நகரங்களின் பழைய பக்தர் குழுக்கள். 'கோ' என்று அவற்றுக்குப் பெயர். தலைமுறை தலைமுறையாகப் பணமும் ஆளும் கொடுத்து மலையைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான். மே 3-ம் தேதி கதவு திறக்கும் சடங்கில் அவர்களுக்குத் தனி உரிமை உண்டு. இவர்களுக்கு மேல் இரண்டு ஊர் மக்கள்.

தலைமைக் கோயில்கள் மூன்றும் 'திறக்கலாம்' என்றாலும் இவர்கள் எல்லாரும் தலையாட்ட வேண்டும். ஒரு தரப்பு மறுத்தாலும் காரியம் நடக்காது. 'முடியாது' என்று சொல்ல ஒருவர் போதும். 'முடியும்' என்று சொல்ல எல்லாரும் வேண்டும். நம் ஊர்க் கூட்டுக் குடும்பச் சொத்துத் தகராறு மாதிரிதான்.

அரசு ஏன் தலையிடவில்லை? ஜப்பான் அரசியலமைப்பின் 14-வது பிரிவு பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. 20-வது பிரிவு மத சுதந்திரத்தைப் பாதுகாக்கிறது. மதத்திலிருந்து அரசைத் தள்ளியும் வைக்கிறது. அது கோயிலின் உள்விவகாரம் என்பது ஆதரவாளர்கள் வாதம். மலை யோஷினோ-குமானோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, பொதுப் பணத்தில் பாதுகாக்கப்படுகிறது, அப்புறம் எப்படி உள்விவகாரம் என்பது எதிர்ப்பாளர்கள் கேள்வி.

தடையை ஆதரிப்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தோரோகவாவில் யாத்ரீகர்களுக்குச் சமைத்துப் போட்டு, விடுதிகளை நடத்தி வந்தவர்கள் பெண்கள். இந்த ஊரின் தனித்தன்மையே இதுதான், வெளியூர்க்காரர்கள் வந்து நியாயம் சொல்ல வேண்டாம் என்பது அவர்களில் சிலரின் நிலைப்பாடு. மறுபக்கம், ஷுகெண்டோவில் முறைப்படி தீட்சை பெற்ற பெண்களும் இருக்கிறார்கள். ஒகுககே பாதையில் ஆண்களோடு சேர்ந்து நாள்கணக்கில் நடக்கும் அவர்கள், கோபன்செகி வந்ததும் பிரிந்து கீழே இறங்கி, அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் சேர வேண்டியிருக்கிறது. மற்ற எல்லா மேடு பள்ளங்களையும் கடக்கும் காலுக்கு இந்த ஒரு துண்டு மட்டும் கிடையாது.

இது மலையோடு முடிகிற பிரச்சினையும் இல்லை. சூமோ மல்யுத்தக் களத்திலும் பெண்கள் கால்வைக்கக் கூடாது. 2018 ஏப்ரலில் மைசுரு நகரில் களத்தில் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழ, ஓடிவந்து முதலுதவி செய்த பெண்களை 'களத்தை விட்டு இறங்குங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொன்னார் நடுவர் ஒருவர். சூமோ சங்கம் பிறகு மன்னிப்பு கேட்டது. விதியை மாற்றவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

ஒசாகாவின் அபெனோபாஷி நிலையத்திலிருந்து கின்டெட்சு ரயிலில் ஷிமோஇச்சிகுச்சி வரை வந்து, அங்கிருந்து பேருந்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் பயணித்தால் தோரோகவா. வெந்நீர் ஊற்றுக் கிராமம். விடுதிகள் எல்லாவற்றிலும் தெருவைப் பார்த்து நீளமான திண்ணை இருக்கும். இருபது முப்பது பேர் கொண்ட குழு வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கடைகளில் 'தாரானிசுகே' என்ற கறுப்பு உருண்டை மாத்திரை விற்கும். மரப்பட்டையிலிருந்து காய்ச்சும் வயிற்று மருந்து. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. தவம் செய்யும்போது தூக்கம் வராமலிருக்கத் துறவிகள் வாயில் போட்டுக்கொள்வார்களாம்.

ஆண்கள் சன்ஜோகதாகே ஏறலாம். மதம் தடையில்லை. தவக்களங்களுக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். கரடி நடமாடும் மலை என்பதால் பையில் ஒரு மணியைக் கட்டிக்கொள்வது நல்லது.

பெண்களும் கலந்த குழு என்றால் இனமுரகதாகே. சன்ஜோகதாகேவுக்குப் பக்கத்துச் சிகரம். 'பெண்களின் ஓமினே' என்று பெயர் எடுத்தது. பாதை தொடங்குவது, மகனைத் தேடி வந்த அந்தத் தாயின் மண்டபத்தருகே. வழியில் குடிசை ஒன்று இருக்கும் சந்திப்பில் ஒரு கிளைப்பாதை சன்ஜோகதாகே பக்கம் பிரியும்; அதில் கொஞ்ச தூரம் போனால் 'ரெங்கே-ட்சுஜி' என்ற இடத்தில் அதே மாதிரி இன்னொரு தடை வாசல். எனவே, பெண்கள் நேர்ப்பாதையிலேயே போக வேண்டும். உச்சியில் பார்வை மேடை உண்டு. இனமுரகதாகேவின் உயரம் 1,726 மீட்டர். சன்ஜோகதாகேவைவிட ஏழு மீட்டர் அதிகம்.